செதிலில் நான் கலந்தது

தம்பி,

இதைக் கைப்பேசியில் அனுப்பினால் நாலு வரி பார்த்துவிட்டு மூடி வைப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பொறுத்துக்கொண்டு படி. கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று சாக்குச் சொல்லாதே, மண்டபத்துக்காரனும் பூக்காரனும் அரை மணி நேரம் காத்திருந்தால் செத்துப்போகமாட்டார்கள். இது மேகலாவைப் பற்றியது. உன் ஆய்வுக்கூடத்தில் உனக்கு உதவியாளராக இருந்து, கவனமில்லாதவள் என்ற பேரோடு வெளியே அனுப்பப்பட்டாளே, அந்தப் பெண். அவள் பேரைக் கெடுத்ததில் எனக்குப் பங்கு இருக்கிறது. முதலில் என் பங்கைச் சொல்கிறேன். உன் பங்குக்கும் வருவேன், மறந்துவிடமாட்டேன்.

என் பல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும். உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் உன்னிடம் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தேன். "ஒன்ன பெத்துத்தான்டா என் பல்லெல்லாம் போச்சு." நீ சோற்றைச் சிந்தினாலும் அதே பாட்டு, பரீட்சையில் மார்க் குறைந்தாலும் அதே பாட்டு. அது பொய், தம்பி. நீ வயிற்றில் இருந்தபோது ஈறு வீங்கி ரத்தம் வந்தது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே என் ஈறு கெட்டுப் போயிருந்தது. அப்போது நாங்கள் சுங்காய் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தோம். மாதம் ஒரு தடவை வந்தால் பல்லைக் காப்பாற்றலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். விடியற்காலைப் பெரட்டில் நின்று பேர் கொடுக்காவிட்டால் அன்றைய சம்பளம் போய்விடும் என்று நான் போகவில்லை. எல்லாம் ஆட ஆரம்பித்த பிறகு போய், "மேல உள்ளத மொத்தமா புடுங்கிடுங்க, தொல்ல விட்டுச்சு" என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். லயத்தில் பாதிப் பெண்கள் அப்படித்தான் செய்தோம். கீழே முன்பக்கம் மட்டும் ஆறு பல் மிஞ்சியது. இதில் நீ செய்த குற்றம் ஒன்றும் இல்லை.

ஆனால் நீ நம்பினாய். உனக்கு ஏழு வயதிருக்கும். முதலாளி தோட்டத்தை விற்று வீட்டு மனையாக்கிய பிறகு நாம் ஈப்போவுக்கு வந்து, நான் பாசாரில் மீன் கழுவிக்கொண்டிருந்த நேரம். பள்ளிக்கூடம் விட்டு வந்தவன் என் கையில் ஒரு தீப்பெட்டியைத் திணித்தாய். திறந்து பார்த்தால் உன் பால் பல் மூன்று. "அம்மா, இத நீ வெச்சிக்க" என்றாய். வேறு எந்தத் தாயாக இருந்தாலும் அள்ளி அணைத்திருப்பாள். நான் என்ன செய்தேன்? விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கத்துக் கடைக்காரிகளைக் கூப்பிட்டு, "இங்க பாருங்கடி, எனக்குப் பல் கட்டிவிட வந்துட்டாரு பெரிய டாக்டரு" என்று சொல்லி, அவர்கள் முன்னால் அந்தப் பெட்டியை இன்னொரு தடவை திறந்து காட்டச் சொன்னேன். நீயும் காட்டினாய். அழக்கூட இல்லை. அதற்குப் பிறகு விழுந்த பற்களை நீ எங்கே போட்டாய் என்று எனக்குத் தெரியாது.

நீ பல் டாக்டருக்குப் படிக்கப் போனபோது பாசாரே என்னைக் கொண்டாடியது. கிளினிக் வைத்து உட்காராமல் ஆராய்ச்சி என்று கிளம்பினாய். சம்பளம் குறைச்சலாச்சே என்று நான் முணுமுணுத்ததற்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையில் உட்கார வைத்து விளக்கினாய். ஈறு கெட்டால் அடியில் இருக்கும் எலும்பும் கரைகிறது. சுத்தம் செய்துவிட்டால் எலும்பு திரும்ப வளரப் பார்க்கும், ஆனால் ஈறுச் சதை அவசரப்பட்டு முந்திக்கொண்டு அந்த இடத்தை அடைத்துவிடும். நடுவில் ஒரு மெல்லிய சவ்வை வைத்துத் தடுத்தால் எலும்புக்கு நேரம் கிடைக்கும். வேலை முடிந்ததும் அந்தச் சவ்வை உடம்பே கரைத்துக்கொள்ளும், பிரிக்க வேண்டியதில்லை. அந்தச் சவ்வு கொலாஜன் என்ற புரதத்தில் செய்வது. "இப்ப வர்றதெல்லாம் பன்னி, இல்லாட்டி மாடும்மா. பன்னின்னா மலாய்க்காரவங்க வாயில வெக்க முடியாது, மாடுன்னா நம்மாளுங்க வேணாம்பாங்க. மீனுன்னா எல்லாரும் சரிம்பாங்க." பாசாரில் குப்பைக்குப் போகிற செதிலில் அந்தப் புரதம் இருக்கிறது என்று நீ சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. முப்பது வருடம் நான் வாரிக் கொட்டியதை என் மகன் வந்து கேட்கிறான்!

காம்பார் பக்கம் ஈயம் தோண்டி விட்ட பழைய குட்டையில் வளர்க்கிற திலாப்பியா மட்டும்தான் வேண்டும் என்றாய். வேறு எதுவும் ஒன்றுகூடக் கலக்கக் கூடாது, முக்கியமாகக் குளிர்க் கடல் மீன் கூடவே கூடாது என்றாய். குளிர்ந்த தண்ணீரில் வாழ்கிற மீனின் கொலாஜன் நம் உடம்புச் சூட்டிலேயே இளகிப் போய்விடும், குட்டை மீன்தான் சூடு தாங்கும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது நீதான். நினைவில் வைத்துக்கொள். மூன்று வருடம் அப்படியே செய்தேன். சனிக்கிழமை தோறும் செதிலைத் தனியாக எடுத்து, மூன்று தண்ணீரில் அலசி, ஐஸ் போட்டுக் கட்டி வைப்பேன். மேகலா வந்து வாங்கிப் போவாள். சுங்காயில் எண்ணெய்ப் பனைத் தோட்டத்துக் குடும்பத்துப் பெண், பட்டம் வாங்கியும் பகட்டு இல்லாதவள். நான் உன் அம்மா என்று அவளுக்கு மட்டும் தெரியும். மற்றவர்களிடம் சொல்ல வேண்டாம் என்று நீ அவளிடம் சொல்லி வைத்திருந்தாய். உன் தாள்களில் நான் 'உள்ளூர் சப்ளையர்'. அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் அந்த ஹோட்டல் கூட்டம். நீ வாங்கிக் கொடுத்த மெரூன் சேலையைக் கட்டிக்கொண்டு, பொய்ப்பல்லைத் தேய்த்து மாட்டிக்கொண்டு, உன் வருங்கால மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ மேடையில் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கினாய். திடீரென்று திரையில் கதவு அகலத்துக்கு ஒரு வாய் வந்தது. உதட்டை இரண்டு பக்கமும் கொக்கி போட்டு இழுத்து, சிவந்த ஈறும் வேர் தெரிகிற ஆறு பல்லுமாக. உதட்டோரம் கெளுத்தி முள் கிழித்த தழும்பு. "ஆராய்ச்சிக்குத்தாம்மா, ஒரே ஒரு படம்" என்று வீட்டில் எடுத்துக்கொண்டு போனாயே, அதுதான். "ஒரு பெண் நோயாளி, குறைந்த வருமானம், பூவர் ஹைஜீன்" என்றாய். எனக்கு ஆங்கிலம் தெரியாதுதான். சுகாதார இலாகா அதிகாரி மாதம் ஒரு தடவை என் கடைக்கு வந்து ஹைஜீன் பற்றித்தான் பேசுவார், அந்த வார்த்தை தெரியும்.

சம்பந்தியம்மா கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, "சீ, எப்படித்தான் இப்படி வெச்சிக்கிறாங்களோ" என்றார். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "ஆமாலா, சில ஜென்மம் அப்படித்தான்" என்றேன். நானே சொன்னேன், என்னைப் பற்றி. திரும்பும்போது காரில் "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டாய். "நல்லா பேசுனே" என்றேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்தாய். நான் பார்த்துவிட்டேன் என்று உனக்குத் தெரியும். தம்பி, எனக்கு வயிறு எரிந்தது. பெற்ற வயிறுதான், அதுதான் எரிந்தது.

அடுத்த சனிக்கிழமையே ஆரம்பித்தேன். பக்கத்துக் கடைச் சீனர் ஜப்பான் சாப்பாட்டுக் கடைகளுக்குச் சால்மன் வெட்டிக் கொடுப்பார். அவர் தொட்டியிலிருந்து செதிலை வாரி உன் மூட்டையில் கலந்தேன். பெரிய செதிலாகப் பொறுக்கி, இரண்டையும் சேர்த்து அலசி, வித்தியாசம் தெரியாதபடி கட்டினேன். தெரியாமல் செய்த தப்பு இல்லை. கை தவறவில்லை, கண் மங்கவில்லை. ஐந்து மாதம், ஒவ்வொரு சனிக்கிழமையும், நீ சொல்லிக் கொடுத்த பாடத்தை வைத்தே உன் வேலையில் மண்ணைப் போட்டேன். மேகலா அந்த மூட்டையை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் ஆன்ட்டி, நீங்க மட்டும் இல்லன்னா நாங்க சுசாதான், கஷ்டந்தான்" என்பாள். அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவேன். டீயைக் கொடுத்த கையால்தான் அவள் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டேன்.

நீ வாடிப்போனாய். உடம்புச் சூட்டில் வைத்துப் பார்த்தால் சவ்வு ஒரு நாள் நிற்கிறது, மறுநாள் கஞ்சியாகிவிடுகிறது என்று சோற்றைப் பிசைந்துகொண்டே புலம்புவாய். நான் மீன் துண்டை உன் தட்டில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் நீ சாதாரணமாகச் சொன்னாய், "அந்த மேகலாவ நிப்பாட்டியாச்சும்மா. டெம்பரேச்சர ஒழுங்கா பாக்கல. அவ கவனக்குறைவால ஐஞ்சு மாசம் வீணாப் போச்சு." எனக்குக் கையில் இருந்த கரண்டி நின்றது. அந்த நிமிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ என்னை என்ன செய்வாய் என்ற பயம். "அடப் பாவமே" என்று மட்டும் சொல்லிவிட்டு, உனக்கு இன்னொரு துண்டு வைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த அசிங்கமான காரியம் எது என்று கேட்டால், செதிலைக் கலந்தது இல்லை, அந்த இன்னொரு துண்டுதான்.

அதே வாரத்தில், "இனிமே செதில் வேணாம்மா, கம்பெனியில வாங்கிக்கிறோம். ஒனக்கும் வயசாச்சு, எதுக்குக் கஷ்டம்" என்றாய். மகனுக்கு என் மேல் கரிசனம் என்று நினைத்து முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்ட முட்டாள் நான். கம்பெனிச் செதிலில் சவ்வு நின்றது. உதவியாளரை மாற்றியதும் வேலை சரியாகிவிட்டது என்று எல்லாரும் உன்னைப் பாராட்டினார்கள். இப்போது ஆட்களின் வாயில் வைத்துப் பார்க்க அனுமதியும் வந்துவிட்டது. பெண் வீட்டில் உன்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள்.

எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. போன புதன்கிழமை, உன் கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்துக்கொண்டு சுங்காய்க்குப் பஸ் ஏறினேன். பெட்ரோல் நிலையத்துக் கல்லாவில் நின்றுகொண்டிருந்தாள் மேகலா. உன் ஆய்வுக்கூடம் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துவிட்டு எந்த ஆய்வுக்கூடமும் அவளை உள்ளே விடவில்லையாம். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "ஆன்ட்டி! என்ன இவ்ளோ தூரம்?" என்றாள். பத்திரிகையை நீட்ட வெட்கமாகப் போய், கைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

"மேகலா, செதில்ல கலப்படம் இருந்துச்சும்மா. சால்மன்."

"தெரியும் ஆன்ட்டி" என்றாள், ஒருவருக்கு ரொட்டியைப் பையில் போட்டுக் கொடுத்துக்கொண்டே. "மைக்ராஸ்கோப்புல பாத்தேன். திலாப்பியா செதிலுக்கு ஓரத்துல சீப்பு மாரி பல்லு பல்லா இருக்கும். நீங்க குடுத்ததுல நெறயா செதிலுக்கு அது இல்ல. படம் எடுத்து டாக்டருக்கு அனுப்புனேன்."

"எப்ப?"

"என்னைய நிப்பாட்டுறதுக்கு ரெண்டு வாரம் முன்ன."

"அவன் என்ன சொன்னான்?"

"'யார்கிட்டயும் காட்டாத, நான் பாத்துக்கிறேன்'னு சொன்னாரு." அவள் சிரித்தாள். "பாத்துக்கிட்டாரு லா."

ஏன் மேலே போய்ச் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா யாரோட செதிலுன்னு சொல்லணும்ல? நீங்க வயசானவங்க, தெரியாம கலந்திருப்பீங்க. ஒங்கள இழுத்துவிட மனசு வரல ஆன்ட்டி" என்றாள். என்னைக் காப்பாற்ற அவள் பெட்ரோல் நிலையத்தில் நிற்கிறாள், கேட்டுக்கொண்டாயா? "தெரியாம இல்லம்மா. தெரிஞ்சுதான் கலந்தேன். என் மகன் மேல உள்ள ஆத்திரத்துல" என்றேன். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போயிற்று. திட்டுவாள் என்று காத்திருந்தேன். "கஸ்டமர் நிக்கிறாங்க ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றாள். அவ்வளவுதான். ஈப்போ பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது என் கைப்பேசிக்கு அந்தப் படங்களும், அவள் உனக்கு எழுதியதும், நீ அவளுக்கு எழுதியதும் வந்து விழுந்தன. அவள் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

ஆக, நீ தெரிந்துதான் செய்திருக்கிறாய். நான் ஆத்திரத்தில் செய்தேன், நீ யோசித்துச் செய்தாய். இரண்டு வாரம் உட்கார்ந்து யோசித்து, எதைச் சொன்னால் யாருக்கு என்ன போகும் என்று கூட்டிக் கழித்துப் பார்த்து, தள்ளிவிட வசதியான ஆளாக அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறாய். "ஒனக்காகத்தாம்மா மறைச்சேன்" என்று மட்டும் சொல்லாதே, காறித் துப்பிவிடுவேன். எனக்காக என்றால் அன்றைக்கே வந்து என் கையைப் பிடித்து, ஏம்மா இப்படிச் செய்தாய் என்று கேட்டிருப்பாய். நீ கேட்கவில்லை. கேட்டால் நான் அந்தத் திரையைப் பற்றிக் கேட்பேன். அந்தப் பயம் உனக்கு. சப்ளையர் யார் என்று கேட்டால், பாசாரில் மீன் கழுவுகிறவள், என்னைப் பெற்றவள், அவள் கட்டிக் கொடுத்ததைப் பிரித்துப் பார்க்காமல் ஐந்து மாதம் போட்டேன் என்று சொல்ல வேண்டி வந்திருக்கும். அதற்கு ஒரு பெண்ணின் பிழைப்பு மலிவாகப் போயிற்று உனக்கு.

இந்தப் புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. தன் தப்பைத் தூக்கி அடுத்தவன் தலையில் வைப்பதை ஏழு வயதிலேயே உனக்குக் கற்றுக் கொடுத்தவள் நான். நான் கவனிக்காமல் விட்டுப் போன பல்லை உன் கணக்கில் எழுதி, அதைச் சொல்லிச் சொல்லியே உன்னை வளர்த்தேன். நீ அதைவிட நன்றாகக் கற்றுக்கொண்டாய். நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். உன்னால் எனக்கு இது போயிற்று என்று அதனிடம் ஒருநாளும் சொல்லாதே, விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதே. கட்டிக்கொள்ளப் போகிறவளிடம், திரையில் பார்த்த வாய் யாருடையது என்று நீயே சொல்லிவிடு. அவள் மூக்கை மூடினால் மூடட்டும். அம்மாவைப் போல் அவளும் மூடுகிறாளா என்று இப்போதே தெரிந்துகொள்வது உனக்கு நல்லது.

நேற்றுக் காலை உன் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். உங்கள் தலைவி, அந்தச் சீன அம்மா, முதலில் என்னை உள்ளே விடவில்லை. பாசாரில் முப்பது வருடம் பேசிய கண்டனீஸ் சீனம் எனக்கு எதற்கு இருக்கிறது? வாசலில் நின்று அந்த மொழியில் என் பேரையும் உன் பேரையும் சொன்னேன், உட்கார வைத்து டீ கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நான் கலந்ததைச் சொன்னேன், ஏன் கலந்தேன் என்பதையும் சொன்னேன். மேகலாவின் படங்களையும், யாரிடமும் காட்டாதே என்று நீ எழுதியதையும் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு என் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினார். மேகலாவின் பேர் இதனால் சரியாகிவிடும் என்றார். ஆனால் இது உன் வேலையையும் பறித்துவிடலாம், நீ ஆட்களின் வாயில் வைத்துப் பார்க்கப் போகிற வேலை வேறு கைக்குப் போய்விடலாம் என்றார். கல்யாணம் நெருங்குகிறது என்று கேள்விப்பட்டாராம். "பெத்தவங்க நீங்க. ரெண்டு நாள் எடுத்துக்குங்க, மகன்கிட்ட பேசிட்டு வந்து கையெழுத்துப் போடுங்க" என்றார்.

நல்ல மனுஷி. ஆனால் என்னை எனக்குத் தெரியும், தம்பி. இரண்டு நாளில் நான் உன் பள்ளிக்கூடப் படத்தை எடுத்துப் பார்ப்பேன். நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்து அம்மா என்று ஒரு தடவை கூப்பிடுவாய். அந்தப் பெண் எப்படியாவது பிழைத்துக்கொள்வாள் என்று எனக்கே தோன்றிவிடும். இரண்டு நாள் விட்டால் நான் மறுபடியும் உன் அம்மா ஆகிவிடுவேன். அதனால் பேனாவை வாங்கி அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.